மெயினை அணைத்துவிட்டு ஒரு மின்சார ஆராய்ச்சி

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்கள் உலகில் பலர் இருக்கலாம். மின்சாரமே இல்லாத இடத்தில் அதை நாள் முழுவதும் தேடிய மேதை என் மச்சான் ஒருவர்தான்.

அவர் என் மனைவியின் அண்ணன். பெரிய தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அன்று காலை எங்கள் வீட்டு ஹீட்டர் படுத்துவிட்டது. வெளியே பல் கிட்டும் குளிர். மாலையில் என் தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைக் குழந்தையோடு நேரே எங்கள் வீட்டுக்கு வருகிறாள். அதற்குள் அறை சூடாக வேண்டும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடப் போன என்னைத் தடுத்து, மச்சான் ஒரு 'விசாரணைக் குழு' அமைத்தார். தலைவர் அவர், டார்ச் பிடிக்கும் உறுப்பினர் நான்.

தலைக்கவசம், கையுறை, ரப்பர் பூட்ஸ் சகிதம் முதல் வேலையாக மெயினை அணைத்தார். பிறகு பிளக் பாயிண்டில் டெஸ்டரை நுழைத்தார். டெஸ்டர் எரியவில்லை.

"பாத்தீங்களா மாப்ள? கரண்ட் வரல!"

கூடம், சமையலறை, குளியலறை, எங்கு பார்த்தாலும் அதே முடிவு. வீட்டு வயரிங் மொத்தமும் போய்விட்டதாக அறிவித்தார். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, மெயினை அணைச்சுட்டு டெஸ்ட் பண்ணா கரண்ட் எப்படி வரும்?"

"கரண்ட் இருக்கும்போது டெஸ்ட் பண்ணச் சொல்றியா? உசுரோட விளையாடாதம்மா."

"அப்ப இருக்கா இல்லையான்னு எப்படித்தான் தெரியும்?"

"அதுக்குத்தானே குழு போட்டிருக்கு!"

எனக்கு மெய்சிலிர்த்தது. குளிரும் ஒரு காரணம்.

பழுது சுவருக்குள் இருப்பதாகக் குழு 'ஒருமனதாக' முடிவு செய்தது. உளி வந்தது, சுத்தியல் வந்தது. வயரைத் தேடித் தேடி மச்சான் உடைத்ததில், ஒரு கட்டத்தில் சுவர் தீர்ந்து தெரு தெரிந்தது. வழியே போன ஒருவர் ஓட்டையில் தலையை நீட்டி, சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

என் மனைவி ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கி, அதன் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு வயர் திருகாணியிலிருந்து நழுவிக் கிடந்தது. அதை மாட்டி முறுக்கினாள், பிளக்கைச் செருகினாள், மெயினைப் போட்டாள். ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிந்தது. சூடெல்லாம் ஓட்டை வழியே வெளியே போயிற்று. தெருநாய் ஒன்று அதன் கீழே வந்து சுகமாகப் படுத்துக்கொண்டது.

தங்கை வந்தாள். ஓட்டையைப் பார்த்ததும் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"பயப்படாதம்மா," என்றார் மச்சான். "காலையிலேருந்து வேலை நடக்குது. ஒருத்தருக்காவது ஷாக் அடிச்சுதா, சொல்லு?"

அடிக்கவில்லைதான். தங்கை பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்விட்டாள். அங்கே தாயும் சேயும் கதகதப்பாக, பத்திரமாக இருக்கிறார்கள். அந்த வீட்டில் பாதுகாப்பு அதிகாரி யாரும் இல்லை.