லாரிக்குள் ஓடிய வித்தை

நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் லாரிக்கு விளக்கு கட்டுகிற ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பட்டறை முதலாளியையே பலகையில் உட்காரவைத்து, "அசையாதீங்க, இருமலை அடக்குங்க" என்று அதட்டுகிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் இருப்பது என் பட்டறையில். அந்த முதலாளி அடியேன்.

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் நான் கட்டிய லாரி பாடி காஷ்மீர் வரைக்கும் ஓடுகிறது. சைக்கிள் கேரியரில் வெல்டிங் ராடு கட்டிக்கொண்டு வந்தவன், இன்றைக்குத் தொண்டையைச் செருமினால் பட்டறையில் சுத்தியல் சத்தம் நிற்கும். அப்படிப்பட்ட தொண்டையைத்தான் அடக்கச் சொன்னார் பொறுங்கசாமி.

உண்மைப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் பொறுங்கசாமி. காரணம், அவருடைய பழைய கம்ப்யூட்டர். பழைய இரும்பு ஏற்றி வந்த டிரைவர் ஒருவர், ஒரு பை கேசட்டுகளோடு அதைக் கொண்டுவந்து கொடுத்தார். பார்த்தால் தடித்த கீபோர்டு மாதிரி இருக்கும்; கம்ப்யூட்டரே அதற்குள்தான். ஒரு பக்கம் குண்டு டி.வி., மறுபக்கம் டேப் ரிக்கார்டர். கேசட்டைச் சுழலவிட்டால் அதிலிருந்து கம்ப்யூட்டருக்குள் படம் ஏறும். ஏறும் என்றால், கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவில் பாரம் ஏற்றிய லாரி ஏறுமே, அந்த வேகத்தில். அதுவரை எவன் எழுந்தாலும் தோளை அமுக்கி, "சித்த பொறுங்க சாமி, வந்துரும்" என்பார். டீ ஆறும், சோறு ஆறும், கிராக்கி கிளம்பிப் போய்விடும். அவர் மட்டும் பொறுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

வெளிச்சம் ஆகாது என்பதால், பாதி கட்டிய லாரிக்குள் டி.வி.யை ஏற்றி, மேலே தார்ப்பாய் மூடிவிடுவார். அதுதான் கொட்டகை. ஒருமுறை வண்டியை எடுக்க வந்த ராசிபுரத்துக்காரர் மிரண்டுபோனார்.

"ஏனுங்க, என்ற வண்டிக்குள்ள என்னுங்க பாட்டுச் சத்தம்?"

தார்ப்பாய்க்குள்ளிருந்து ஒரு கை வந்து அவரை உள்ளே இழுத்தது. "செருப்பைக் கழட்டிப்போட்டு உக்காருங்க சாமி. இப்பத்தான் வட்டம் சுத்த ஆரம்பிச்சிருக்குது."

தன் சொந்த வண்டிக்குள்ளேயே அவர் செருப்பைக் கழற்றி உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் படங்களுக்கு டெமோ என்று பெயராம். விளையாட்டும் கிடையாது, கணக்கு வழக்கும் கிடையாது. எங்கோ குளிர் நாடுகளில் அந்தக் காலத்துப் பையன்கள் இந்தச் சின்னப் பொட்டியை வைத்துக் கோடு, வட்டம், வண்ணப் பட்டை, பாட்டு எல்லாவற்றையும் ஒன்றாக ஆடவிட்டார்கள். பார்ப்பதைத் தவிர அதனால் பைசாப் பிரயோசனம் இல்லை.

"இதையேனப்பா இந்தப் பாடு படறே? செல்லுலயே வருதாமே," என்று கேட்டேன்.

"செல்லுல பாக்கறது, கறிக்கொழம்பைப் போட்டாவுல பாக்கற மாதிரிங்க. அது கெடக்குது, ஓரத்தைப் பாருங்க ஓரத்தை!"

"ஓரத்துல என்ன?"

"இந்தப் பொட்டியைச் செஞ்சவனே, நடுவுலதான் படம் வரும், ஓரத்துல வராதுன்னு கட்டம் போட்டு வுட்டுட்டானுங்க. இந்தப் பசங்க ஓரத்துலயும் வர வெச்சுட்டானுங்க!"

பார்த்தேன். கட்டத்தைத் தாண்டி, டி.வி.யின் விளிம்பு வரைக்கும் வண்ணப் பந்துகள் போய் மோதித் திரும்பின. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சேஸிஸை விட ஒரு சாண் பாடி நீட்டினாலே ஆர்.டி.ஓ. ஆபீசில் நம்மைக் காய்ச்சி எடுப்பார்கள். இவன்கள் ஒருவன் கண்ணிலும் படாமல் நாலு பக்கமும் நீட்டி, பாட்டுப் போட்டு வேறு ஓட்டியிருக்கிறான்கள். 'முடியாது என்றாயே, பார்' என்று மார் தட்டுகிற சங்கதி. மார் தட்டுகிறவனை எனக்கு உடனே அடையாளம் தெரியும். அன்றைக்கே நான் ரசிகன் ஆகிவிட்டேன்.

டெமோ முடிகிற இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வித்தையைக் காட்டிவிட்டு, தங்களுக்குத் தெரிந்த மற்ற குழுக்களுக்கெல்லாம் பெயர் சொல்லி வணக்கம் வைப்பார்கள். திரையில் வரிசையாகப் பெயர்கள் நெளிந்துகொண்டே போகும். பொறுங்கசாமிக்கு அதுதான் உயிர். அது வருவதற்கு முன்பே எல்லாரும் எழுந்து போய்விடுவது அவருக்குத் தீராத ஆற்றாமை.

"ஒரே ஒரு தடவையாச்சும் ஒரு கூட்டம் கடைசி வரைக்கும் உக்காந்து பாக்கோணுங்க. எனக்குச் சம்பளமே வேண்டாம், அது போதும்."

சம்பளம் வேண்டாம் என்ற வார்த்தை என் காதில் எப்போதும் நன்றாக விழும். பட்டறைக்குப் புதிதாகப் போட்ட கொட்டகையின் திறப்பு விழாவுக்குச் சொந்தபந்தம் எல்லாம் வரும், அன்றைக்குப் போடு என்று வாக்குக் கொடுத்தேன்.

போட்டார். வட்டம் சுற்றியது, பந்து குதித்தது. அந்த நேரம் பார்த்து யாரோ "இலை போட்டாச்சு" என்றார்கள். அவ்வளவுதான், கொட்டகை காலி. ஒரே ஒருவர் மட்டும் டி.வி.க்கு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். என் மனைவியின் அண்ணன், வெண்ணந்தூர் பழனியப்பன் மச்சான். கடைசிப் பெயர் ஓடி முடிகிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மாப்ள, நா வாரேன்."

"சாப்புடாம எங்க மச்சான்?"

"எத்தனை பேரோட பேரு ஓடுச்சு! இங்கிலீசுல போட்டா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? என்ற பேரு எப்படி எழுதுவாங்கன்னு நமக்கும் தெரியும். தாய்மாமன் பேரை வுட்டுப்போட்டு ஊருல இருக்கறவன் பேரெல்லாம் போட்டிருக்கறீங்க."

அது வெள்ளைக்காரப் பையன்களின் பெயர் மச்சான் என்று நான் தலையால் தண்ணீர் குடித்தேன். "அப்ப அவனுங்களுக்கே சோத்தைப் போடுங்க" என்று கை நனைக்காமல் காரில் ஏறிவிட்டார். மச்சான் கை நனைக்காமல் போன வீட்டில் மனைவி எப்படிப் பேசுவாள் என்று கல்யாணமானவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பொறுங்கசாமியைப் பிடித்து உலுக்கினேன். அவர் கண்ணில் தண்ணீர்; துக்கத்தில் இல்லை.

"ஒருத்தர் கடைசி வரைக்கும் பாத்துட்டாருங்க!"

"ஏப்பா, அவரு கோவிச்சுக்கிட்டுப் போறாரு!"

"கோவிச்சுக்கிட்டாலும் முழுசாப் பாத்துட்டுத்தானுங்களே போறாரு? சனம் எதுக்கு உக்காரும்னு இப்பத் தெரிஞ்சு போச்சுங்க. நானே ஒண்ணு செய்யறேன். நம்ம சனத்துப் பேரு, நம்ம எழுத்துல."

அந்தப் பொட்டிக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக அவரே வரைந்தார். வண்டி வேலை முடிந்தால் அதே வேலை. என் பேத்தியின் காதுகுத்துக்குள் முடித்துவிடுவேன் என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சொன்னார். நடுவில் என் மனைவி ஒரு குண்டைப் போட்டாள்.

"யாரு பேரு மொதல்ல வரும்? எங்கண்ணன் பேரா, உங்க பெரியப்பா பேரா? காதுகுத்துப் பத்திரிகையிலேயே அந்த ரகளை இன்னும் ஓயலை, இங்கயும் ஒண்ணா?"

அதற்கும் பொறுங்கசாமி அசரவில்லை. வேலையைப் பாதியில் கலைத்து, முதலிலிருந்து பிடித்தார். பெயர்களை வரிசையாக ஓடவிடாமல் ராட்டினம் மாதிரி வட்டமாகச் சுற்றவிட்டார். "வட்டத்துக்கு ஏதுங்கம்மா மொதலும் கடைசியும்? எங்கிருந்து பாத்தாலும் அவங்கவங்க பேருதான் மொதல்ல." ஆயிரம் பஞ்சாயத்து பார்த்தவன் நான், இப்படி ஒரு தீர்ப்பு எனக்கே தோன்றியதில்லை.

வெண்ணந்தூருக்கு நானே நேரில் போனேன். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்: "பேரு வருமா?"

"சுத்திச் சுத்தி வரும் மச்சான்."

வந்தார். காதுகுத்து முடிந்து, தார்ப்பாய் போட்டு, குண்டு டி.வி. வைத்தாயிற்று. ஓரத்தைத் தாண்டி வண்ணப் பட்டைகள் எழும்பின. பிறகு வட்டம் புறப்பட்டது. ஒரு பெயர் திரும்பி முன்னால் வரும்போதெல்லாம் கூட்டத்தில் ஒரு மூலையிலிருந்து கூச்சல். "ப", "ழ", "னி" என்று மூன்று எழுத்து தலைகாட்டிய நொடியில் கரண்ட் போயிற்று.

ஜெனரேட்டர் உடனே உறுமியது. ஆனால் அந்தப் பொட்டிக்கு ஒரு நொடி கரண்ட் நின்றாலும் ஏறினதெல்லாம் மறந்துவிடும். மறுபடியும் கேசட்டை ஆரம்பத்திலிருந்து ஓட்ட வேண்டும். பின்னாலே இலை போட்டாகிவிட்டது. சாம்பார் வாசனை வேறு. இரண்டு பேர் எழுந்தார்கள், பின்னாலேயே ஒரு வரிசை எழுந்தது. பொறுங்கசாமி டேப் ரிக்கார்டரைப் பிடித்தபடி நின்றார்.

"எவனும் எந்திரிக்கப்படாது!" வெண்ணந்தூர் மச்சான் வாசலை மறித்து நின்றார். "பழனி வந்துட்டான், அப்பன் வரலை. பாதிப் பேரோட எவன் சோறு திம்பான்? எல்லாரும் உக்காருங்க. எலையை மூடி வைங்கடா!"

உட்கார்ந்தார்கள். கேசட் சுற்றியது. திரை வெறுமையாகவே கிடந்தது. ஒருவரும் எழவில்லை. செல்லை எடுத்தவனை மச்சான் ஒரு பார்வை பார்த்தார். செல் பாக்கெட்டுக்குள் போயிற்று.

பிறகு வந்தது. முழு வட்டமும் வந்தது. பழனியப்பன் முழுசாக வந்ததும் மச்சான் டி.வி.யைப் பார்த்து வணக்கமே வைத்தார். பெயர்கள் முடிந்து, நிறங்கள் ஒவ்வொன்றாக அடங்கி, பாட்டு தேய்ந்து, திரை கறுப்பாகிற வரைக்கும் அந்தக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. அப்புறம் கை தட்டினார்கள். மச்சான் மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தார்.

இன்றைக்கும் சொந்தக்காரர்கள் என்னைக் கேட்கிறார்கள்: "உங்க பேரு அந்த வட்டத்துல எந்தக் கலர்ல வந்துச்சு?" சிவப்பு என்கிறார்கள் சிலர், மஞ்சள் என்கிறார்கள் சிலர். எனக்குத் தெரியாது. அது வந்தபோது நான் டி.வி.யைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பொறுங்கசாமியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.