குளிரானந்தரின் எட்டு டிகிரி

உச்சி வெயிலில் மொட்டை மாடியில் கூட்டம் கூடுகிறது என்றால், ஒன்று கட்டடத்தில் தீப்பிடித்திருக்க வேண்டும், இல்லை கூடியவர்களின் புத்தி தீய்ந்திருக்க வேண்டும். அன்று அந்த ஆடைத் தொழிற்கூடத்தின் மாடியில் கூடியது இரண்டாவது ரகம். கிடங்குக்காரர் வந்திருந்தார். திரையரங்குக்காரர் வந்திருந்தார். அச்சகத்துக்காரர் தன் மாமனாரையும் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். எல்லாருக்கும் தட்டைக் கூரை, அதன் கீழே வேகிற கட்டடம். குளிரானந்தர் வந்து சூட்டை விரட்டப்போகிறார் என்று கேள்விப்பட்டு ஓடிவந்தவர்கள்.

குளிரானந்தர் சூரியனோடு பேசுகிறவராம். எங்கோ ஒரு மருத்துவமனைக் கூரையில் அவர் தகடு பதித்ததும் நோயாளிகள் போர்வை கேட்டு அழுதார்களாம். ஒரு பண்டகசாலையில் பனி உறைந்து, மூட்டைகளைக் கடப்பாரை வைத்துப் பெயர்த்தார்களாம். இப்பேர்ப்பட்டவர், தான் இறங்கும்வரை காரில் ஏசியை அணைக்கவிடவில்லை. சூரியனோடு பேசுகிறவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு தேவைப்படுகிறது.

கூட்டத்தில் ஒருத்தி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முதலாளியின் அக்கா. கூரைக்கு நேர் கீழே இருக்கும் தையல்கூடம் அவள் பொறுப்பு. அங்கே இஸ்திரிப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம், துணியைக் கூரைப்பக்கம் காட்டினாலே மடிப்பு விழும். போன வாரம் காலர் தைக்கும் பெண், மாசமாக இருப்பவள், மயங்கி இயந்திரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாள். ஊசி அவள் விரலை உரசிக்கொண்டு போனது. இந்த ஒன்றில் மட்டும் மிகை எதுவும் இல்லை.

அன்றிலிருந்து அக்கா தம்பியை விடவில்லை. வெப்பத்தடுப்பு அட்டை போடுகிறவரை அழைத்து வந்தாள். ஆட்கள் ஏறி நடக்கும் கூரை என்பதால் மிதி தாங்கும் கெட்டி அட்டையாகப் பார்த்து எடுத்தார்கள். முதலில் கூரை காய வேண்டும், ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அட்டை ஊறிப் பாழ். இரண்டு அடுக்காகப் போட வேண்டும், கீழடுக்கின் இடுக்குக்கு மேல் அடுத்த அட்டையின் நடுப்பகுதி வர வேண்டும், இல்லாவிட்டால் சூடு அந்த வழியாக இறங்கிவிடும். அதன்மேல் நீர் புகாத விரிப்பு. தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வேலையைத் தொடங்கவும் சொல்லிவிட்டான்.

பிறகுதான் குளிரானந்தரின் பெயர் அவன் காதில் விழுந்தது. இரண்டும் செய்யக் கையில் வசதியில்லை. தகடு என்று முடிவானால் அட்டை கிடையாது. மாலைக்குள் ஒன்றை ரத்து செய்துவிடுவதாக இருந்தான்.

"அக்கா, அந்த அட்டை எவ்ளோ தடிமன், இவரு தகடு பாரு, காகிதம் மாதிரி. எதுல சக்தி இருக்குன்னு நீயே யோசி" என்றான். படித்த பிள்ளை.

காட்சி தொடங்கியது. முகம் பார்க்கலாம் போலத் தேய்த்த அலுமினியத் தகடு ஒன்றைக் கூரையில் கிடத்தினார்கள். தொடாமலே சூட்டை அளக்கும் துப்பாக்கி மானியைக் கூட வந்த சீடர் எடுத்தார். வெறுங்கூரையைக் குறிபார்த்தார்: அறுபத்தொன்று. தகட்டைக் குறிபார்த்தார்: எட்டு. செருப்பு உருகிக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்த கூட்டம், எட்டு டிகிரியைக் கண்ணால் பார்த்துப் புல்லரித்துப்போனது. தகட்டை யாரும் தொடக் கூடாது, சக்தி இறங்கிவிடும் என்றார் குளிரானந்தர். குனிந்தும் பார்க்கக் கூடாதாம்.

கூடாது என்றால் அக்காவுக்குச் செய்தே ஆக வேண்டும். குனிந்தாள். சீடர் நீட்டியிருந்த மானியில் எண் விர்ரென்று முப்பதுக்கு மேல் ஏறியது.

"நம்பிக்கையில்லாத உடம்பும்மா. உங்க சூடு தகட்டுல ஏறுது" என்றார் குளிரானந்தர் கருணையோடு. கூட்டம் அவளை முறைத்தது. தம்பிக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அக்கா விலகினாள். கண்மூடித் திறப்பதற்குள் மறுபடியும் எட்டு. இவ்வளவு சடுதியில் ஏறி இறங்குகிற உலோகத்தை அவள் எந்த இஸ்திரிப் பெட்டியிலும் பார்த்ததில்லை. கீழே போய் ஒரு கறுப்புக் குடையோடு வந்தாள். குடைக்கு நம்பிக்கையும் கிடையாது, அவநம்பிக்கையும் கிடையாது. தகட்டுக்கு மேலே விரித்துப் பிடித்தாள்.

நாற்பத்து மூன்று.

"வெயில்ல எட்டு, நிழல்ல நாப்பத்தி மூணு. நிழல்ல வச்சா சூடாகுற பொருள நான் இப்பத்தான் சாமி பாக்குறேன்" என்றாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். "இது கண்ணாடிடா. மானி தகட்ட அளக்கல. அதுல தெரியிற வானத்த அளக்குது, உசரத்துல வானம் சில்லுன்னுதான் இருக்கும். நான் குனிஞ்சா என் மூஞ்சிய அளக்குது. இப்ப குடைய அளக்குது."

கறுப்பு நிறம் சக்தியை விழுங்கிவிடும் என்று ஏதோ சொன்னார் குளிரானந்தர். அக்கா குடையை மடக்கினாள். எண் எட்டுக்கு வந்தது.

"அப்ப சரி. சாமி கொஞ்ச நேரம் அதுமேல உக்காந்து காட்டுங்க, போதும்."

தவத்தில் இருப்பவர் உலோகத்தில் அமரலாகாது என்று சாமிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. நின்று நின்று கால் கடுத்துப்போயிருந்த அச்சகத்து மாமனார், எட்டு டிகிரி என்று காதில் விழுந்ததே போதும் என்று, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தகட்டின் மேல் நிம்மதியாக உட்கார்ந்தார். உட்கார்ந்ததை எல்லாரும் பார்த்தார்கள். எழுந்ததை யாராலும் பார்க்க முடியவில்லை, அவ்வளவு வேகம். கைத்தாங்கலாக ஏறியவர் படிக்கட்டில் மருமகனை முந்திக்கொண்டு இறங்கினார். அவரையும் முந்தினார் குளிரானந்தர்.

தம்பி குனிந்து தகட்டின் மேல் கையை வைத்தான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். சிவந்த விரல்களை ஊதிக்கொண்டான்.

"அட்டைக்காரர வரச் சொல்லி ஃபோன் போடட்டுமாக்கா?"

"போடு. வேலை முடியிற வரைக்கும் மயங்கி விழுந்த அந்தப் பொண்ணு கீழ்த்தளத்துல உக்காந்து பட்டன் தைக்கட்டும்."

கூட்டம் கலைந்தது. கிடங்குக்காரர் மட்டும் தயங்கித் தயங்கி அக்காவிடம் வந்தார். தன் கட்டடம் வேறு திசை பார்த்தது, அங்கே ஒருவேளை தகடு பலிக்குமோ என்று கேட்டார்.

அக்கா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"அண்ணே, வெப்பத்தடுப்பு அட்டைய கூரைமேல போடணும். நீங்க மண்டைக்குள்ள போட்டு வச்சிருக்கீங்க, அதான் வெளியிலேர்ந்து ஒண்ணும் உள்ள இறங்க மாட்டேங்குது. ஒரு இடுக்காவது விடுங்க, யோசனை நுழையட்டும்."