பெரியப்பா மீசையில் ஓடிய ரோபோ

ரோபோவுக்கு ஆள் பார்த்துப் பழகத் தெரியாது. யார் வந்தாலும் சரி, சொன்ன வேலையைத்தான் செய்யும். இந்த ஒரு விஷயம் என் மண்டையில் ஏறுவதற்குள் என் மானம் பாம்பன் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டது.

அப்போது நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு ரோபோ செய்யச் சொல்லிக்கொடுங்கள் என்று கல்லூரியில் அனுப்பினார்கள். நான் அக்காள்மடத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டேன். (சனிக்கிழமை மத்தியானம் அம்மா கையால் மீன் குழம்பு கிடைக்கும். என் சமூக சேவையின் லட்சணம் அவ்வளவுதான்.) ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு குட்டி வண்டி செய்தார்கள். கறுப்புக் கோடு எங்கே போகிறதோ, அதன் மேலேயே அதுவும் போகும்.

எங்களுக்கு உட்கார இடம்தான் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து ஸ்க்ரூ முடுக்கினால் பாதி ஸ்க்ரூ மணலுக்குள் போய்விடும். பள்ளியில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டிய அறை ஒன்று சும்மா கிடந்தது. அதன் சாவி பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரிடம் இருந்தது. தலைவர் வேறு யாருமில்லை, என் அப்பாவின் அண்ணன், விசைப்படகு வைத்திருக்கும் சந்தியாகு பெரியப்பா. வண்டியை ஓட்டிக் காட்டினால் அறையைத் தருவதாகச் சொன்னார். "எங்க பெரியப்பாதான், ரூம் நமக்குத்தான்" என்று நானும் பிள்ளைகளிடம் அளந்துவிட்டேன். அவர்களில் நிலோபர் என்பவள் ஜன்னல் ஓரம் தனக்கு என்று அன்றைக்கே சொல்லிவைத்துவிட்டாள்.

ஓட்டிக் காட்ட வேண்டிய நாள் காலையில்தான் எனக்கு உறைத்தது. பள்ளி ஹாலில் தரை கறுப்பு சிமெண்ட். அதுவரை மேஜையில் வெள்ளை சார்ட்டை விரித்து ஓட்டிக்கொண்டிருந்தோம். எல்லோரும் பார்க்கட்டும், தரையில் விடலாம் என்று சொன்ன மேதாவி நான்தான். அந்தத் தரையில் வண்டிக்குத் திரும்பின பக்கமெல்லாம் கோடு!

அழாத குறையாக வீட்டுக்கு ஓடினேன். எங்கள் பக்கம் பழைய ஃபிளெக்ஸ் இல்லாத வீடு கிடையாது. கூரை ஒழுகினால் மேலே விரிப்போம், கருவாடு காயப்போட்டால் கீழே விரிப்போம். அம்மா காயப்போட்டிருந்த நெத்திலியைக் கொட்டிவிட்டு ஃபிளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். பின்பக்கம் நல்ல வெள்ளை. அதில் கறுப்பு டேப் ஒட்டினோம். முன்பக்கம் போன வருஷத் திருவிழாவுக்குப் பெரியப்பா படம் போட்டு அடித்த போர்டு. படம் தரையைப் பார்த்துத்தானே கிடக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வாசல் வழியாக வந்து ஃபிளெக்ஸைத் தூக்கியது. நான்கு மூலைக்கும் நான்கு பிள்ளைகளை உட்காரவைத்தேன். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

பெரியப்பா வந்தார். வெள்ளை வேட்டி, முறுக்கிவிட்ட கருகரு மீசை. அவர் உள்ளே நுழையும்போதே வண்டி ஓட வேண்டும் என்று அவசரமாகச் சுவிட்சைத் தட்டினேன். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று ஒன்றாம் வகுப்பிலேயே பழக்கிவிடுகிறார்களே! "வ...ண...க்...க...ம் அய்யா" என்று நான்கு மூலையும் எழுந்து நின்றன.

அவ்வளவுதான். பாதி ஃபிளெக்ஸ் புரண்டு மடிந்தது. நெத்திலிச் செதில் ஒட்டிய பெரியப்பாவின் முகம் கூரையைப் பார்த்துச் சிரித்தது. டேப்பில் வந்த வண்டி மடிப்பில் ஏறி, கன்னத்தைக் கடந்து, மீசையைக் கண்டுபிடித்தது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனது. திரும்பியது. மறுபடி வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

எடுக்கலாம் என்றால் பெரியப்பா முகத்தை மிதிக்க வேண்டும். ஒரு காலைத் தூக்கினேன், இறக்கினேன். கொக்கு மாதிரி நின்றேன். உதவிக்கு வந்த டீச்சர் வண்டியைத் தள்ளிவிட விளக்குமாற்றை நீட்டினார். (விளக்குமாறு! முகத்துக்கு! வேண்டாம் டீச்சர் என்று கெஞ்சினேன்.)

பெரியப்பா சத்தமே போடவில்லை. "ஏத்தா, எம் மூஞ்சியிலயா கருவாடு காயப்போடுறீக?" என்றார்.

என்னைக் காப்பாற்ற நிலோபர் முன்னால் வந்தாள். "வண்டி சரியாத்தான் போகுது தாத்தா. கறுப்பு எங்கன இருக்கோ அங்கன போகும். உங்க நெச மீசையில போகாது. அதுதான் அடியில வெள்ளையா இருக்குல்ல?"

பெரியப்பா மீசைக்குச் சாயம் அடிப்பது எங்கள் பாம்பன் தீவு முழுக்கத் தெரியும். அதுவரை ஒருவரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. தலைமையாசிரியர் மின்விசிறியைப் பார்த்தார். பெரியப்பா சாவியோடு வெளியே போய்விட்டார்.

சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். நிலோபர் பக்கத்தில் வந்து நின்று, "ஜன்னல் எடம் போச்சாக்கா?" என்று கேட்டாள். அதற்கு நான் அழாமல் பதில் சொல்லியிருந்தால் கொஞ்சமாவது அக்காவாக இருந்திருப்பேன்.

அதற்குப் பிறகு பெரியப்பா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. கிறிஸ்துமஸ் அன்றுதான் வந்தார். மீசை வெள்ளை வெளேரென்று இருந்தது. அப்பாவுக்குப் புரையேறியது. பெரியப்பா மடியிலிருந்து சாவியை எடுத்தார். நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

"ஒனக்கில்லத்தா. அந்தப் பிள்ளையக் கூட்டியா. அதுதான் உள்ளதச் சொன்னுச்சு."

இன்றைக்கும் அந்த அறைக்கு நான் போனால் கதவைத் தட்டிவிட்டு நிற்க வேண்டும். ஜன்னல் ஓரத்திலிருந்து நிலோபர், என்ன வேணும் அக்கா என்று கேட்பாள். வீட்டு விசேஷங்களில் பெரியப்பா மீசையைத் தடவினால் போதும், "தடவுண்ணே, இனி எந்த வண்டியும் ஏறாது" என்பார் அப்பா. எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.