ராகு காலத்துக்கு முன் ஒரு மெர்ஜ்

சோதித்துப் பார்க்காமல் எதையும் வெளியே விடாதவன் என்று கம்பெனியில் எனக்கு நல்ல பெயர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பிரேக் பாகங்களைப் பரிசோதிப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. அப்பேர்ப்பட்ட நான், ஒரு திங்கட்கிழமை காலையில், உலகத்தின் பாதி ஊர்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களை ஒரே பட்டனில் சும்மா உட்கார வைத்தேன். (மீதிப் பாதி அப்போது தூங்கிக்கொண்டிருந்தது. விழித்ததும் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.)

ஓய்வு நேரத்தில் நான் ஒரு வரைபட மென்பொருளுக்கு உழைத்துவந்தேன். இலவசமானது, பல தேசத்து ஆட்கள் சேர்ந்து எழுதுவது. யார் வேண்டுமானாலும் நிரல் எழுதி அனுப்பலாம். அது ஏற்கெனவே இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று டெஸ்ட் ஓட்டிப் பார்த்து, மூலத்தோடு சேர்ப்பதற்கென்று சிலர் உண்டு. அப்படிச் சேர்ப்பதை மெர்ஜ் என்போம். நெடுநாள் காத்திருந்த பிறகு அந்த மெர்ஜ் பட்டன் என் கைக்கு வந்தது. மந்திரி பதவி ஏற்றவன் போல அந்த வாரக் கடைசி முழுவதும் யாரிடமும் நான் சரியாகப் பேசவில்லை.

முதல் வேலையாக இரண்டு நிரல்கள் காத்திருந்தன. ஒன்று, பல வருடப் பழக்கமுள்ள ஜெர்மன்காரர் ஒருவருடையது. மற்றது, பர்கூர்ப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் நித்யா என்ற பெண்ணுடையது. அவள் வெளியே அனுப்பிய முதல் நிரல். தனித்தனியாக இரண்டும் பாஸ். இரண்டையும் ஒன்றாக வைத்து ஓட்டும் டெஸ்ட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னும் பட்டன அழுத்தலையா?"

"டெஸ்ட் ஓடுதும்மா."

"ஏழரைக்கு ராகு காலம் வந்துரும்டா. மொத மொதல்ல கை வெக்கிற வேல. அப்புறம் ஒம்போது வரைக்கும் ஆகாது."

"ஒம்போதுக்கு நான் கம்பெனிக்குள்ள இருப்பேன்."

"அதான் சொல்றேன். நல்லதா நெனச்சு இப்பவே அழுத்து."

விஞ்ஞானத்துக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்று ஆழ்ந்து யோசித்தேன். (அரை நிமிடம் இருக்கும்.) தனித்தனியாகப் பாஸானவை சேர்ந்தால் மட்டும் கெட்டா போகும்? சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டு அழுத்தினேன். அம்மா லேப்டாப்புக்குக் குங்குமம் வைத்தார். கம்பெனி பஸ் வந்துவிட்டது.

எங்கள் கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே அன்று முழுக்க நான் நிம்மதியாக இருந்தேன். கேன்டீனில் இரண்டாம் முறை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டதுகூட நினைவிருக்கிறது.

மாலையில் கைக்கு வந்த போன் நிற்காமல் அதிர்ந்தது. மென்பொருள் திறக்கவே இல்லையாம். மெர்ஜ் செய்தவர் எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டிருந்தார்கள். பதில் வராததால், புதிதாக வந்த பெண்ணின் நிரல்தான் காரணம் என்று யாரோ சொல்ல, அதுவே முடிவாகிவிட்டது. அவளுடையதை நீக்கியதும் எல்லாம் சரியானது. (ஜெர்மன்காரருடையதை நீக்கியிருந்தாலும் சரியாகியிருக்கும். அனுபவசாலி மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?) கடைசியாக நித்யா எழுதியிருந்தாள்: "எல்லோரும் மன்னிக்கவும். எனக்கு இன்னும் தகுதி வரவில்லை. இனி அனுப்ப மாட்டேன்."

பஸ்ஸில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவள் நிரலில் ஒரு குறையும் இல்லை.

எங்கள் குழுவில் எதையாவது உடைத்தவர், நடந்ததை எல்லோரும் பார்க்கும்படி எழுதியாக வேண்டும். நெட்வொர்க் கோளாறு என்று எழுத ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பழி அந்தப் பெண் மேலேயே நின்றுவிடும். ஆகவே உள்ளதை எழுதினேன்: நிரல்கள் இரண்டும் சரியானவை, சேர்த்துச் சோதிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை, காரணம், ராகு காலம். பிறகு ராகு காலம் என்றால் என்ன, எந்தக் கிழமைக்கு எப்போது என்று விளக்கமும் கொடுக்க வேண்டியதாயிற்று. (கோடையில் எங்கள் ஜெர்மனியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்போமே, ராகுவும் தள்ளிப் போகுமா என்று ஜெர்மன்காரர் மெய்யாகவே சந்தேகம் கேட்டார்.)

பட்டனை மரியாதையாகத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் நித்யா, ஜெர்மன்காரருடையதோடு ஒத்துப்போகும்படி தன் நிரலை மாற்றி மறுபடி அனுப்பினாள். கூடவே எனக்கு ஒரு செய்தி: "அண்ணா, நீங்க எழுதுனத எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். 'அந்தத் தம்பி சரியாத்தான் பண்ணியிருக்குது'ன்னாங்க. ஆனா நான் டெஸ்ட் முடியற வரைக்கும் காத்திருக்கறேன்ணா." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்தத் தெம்பில் அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். தனித்தனியாக இரண்டும் நல்லவைதான், சேர்ந்ததும் ஒன்றுக்கொன்று ஆகவில்லை என்றேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"பொருத்தம் பாக்காமயா சேத்து வெச்ச?"

"நீதானேம்மா அழுத்தச் சொன்ன?"

"நேரம் சொன்னது நானு. பொருத்தம் பாக்கறது உன் வேலதானே?"

விஷயம் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போய்விட்டது. யாருக்கு வரன் வந்தாலும் ஜாதகத்தை என் கண்ணில் காட்டுவதில்லை. "இவன் கைல குடுத்தா பொருத்தம் பாக்காம முகூர்த்தத்த மட்டும் பாத்து முடிச்சு வெச்சிருவான்" என்கிறார் சித்தி. கல்யாண வீடுகளில் எனக்குப் பந்தி வேலை மட்டும்தான். அங்கேயும் சாம்பார் வாளியைத் தூக்கினால் நாலு பக்கமிருந்தும் கேள்வி வருகிறது:

"உப்பு பாத்தியாடா?"