முக்தியார் துறந்த முந்திரி

ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற முக்தியார் அகமது, ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் வீட்டில் பிரகடனம் செய்தார். முந்திரி, பாதாம், வேர்க்கடலை எதையும் இனி ஆயுசுக்கும் தொடப்போவதில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் அவருடைய கிட்னி பலவீனமாகியிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். உப்பு போட்டு வறுத்த பருப்புகளை நிறுத்த வேண்டும், பொட்டாசியமும் பாஸ்பரஸும் ஏறாமல் பார்க்க வேண்டும், உப்பில்லாததைக் கொஞ்சமாக, கேட்டுக்கொண்டு சாப்பிடலாம் என்றார் அங்கிருந்த டயட்டீஷியன். அதில் 'நிறுத்த வேண்டும்' வரைதான் முக்தியார் காதில் விழுந்தது.

"கொஞ்சம் சாப்பிடலாம்னுதானே சொன்னாங்க?" என்றாள் மனைவி நசீமுன்னிசா.

"இனிமே எந்தப் பருப்பும் என்கிட்ட வேகாது."

அதன்பின் ஊர் அவரிடம் மாட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு ஷோயப் மகளின் நிக்காஹ்வில் பாதாம் அல்வா வந்தபோது, தட்டைத் தள்ளிவிட்டு நாக்கை அடக்குவது பற்றிப் பள்ளிவாசல் பயான் போலப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார். அல்வா ஆறியது. பந்தியில் அவருக்கு இருபுறமும் இருந்தவர்கள் வேறு இடம் பார்த்துப் போனார்கள்.

வீராப்புக்கு அடியில் இருந்தது பயம். பருப்புக்குப் பின் சாம்பாரைச் சந்தேகித்தார். பிறகு சோற்றையே பாதி தள்ளினார். பேண்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. அதையும் தியாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த முறை வேலூர் போய் வந்த பிறகு, தோசைக்கு வந்த சட்னி திடீரென்று அபார ருசியாகிவிட்டது. இன்னொரு தோசை கேட்டார்.

"இன்னா போட்டே இதுல?"

"கைப்பக்குவம்" என்றாள் நசீமுன்னிசா.

பருப்பைத் துறந்த நாக்குக்குத்தான் இந்த ருசியெல்லாம் தெரியும் என்று விளக்கினார். அவள் பணிவாகத் தலையாட்டிவிட்டு சமையலறைக்குப் போனாள்.

மறுபடி பரிசோதனை. பொட்டாசியம் அடங்கியிருந்தது. எடையும் ஏறியிருந்தது.

"முழுத் துறவு, மேடம்" என்றார் முக்தியார்.

டயட்டீஷியன் நசீமுன்னிசாவிடம் கேட்டார்: "உப்பில்லாத வேர்க்கடலைதானே? நான் சொன்ன அளவு தாண்டலையே?"

"தாண்டலை மேடம். சட்னியிலதான் அரைக்கிறேன். அன்னிக்கு சாம்பார்ப் பருப்பைக் கம்மி பண்ணிடறேன்."

போன முறை முக்தியார் மருந்து வரிசையில் நின்றபோது, அவள் தனியாக உள்ளே போய்க் கேட்டு வந்த அளவு அது. பயந்து எதையும் சாப்பிடாமல் கிடப்பதும் உடம்பைக் கெடுக்கும் என்று இப்போது முக்தியாரிடமும் சொன்னார் டயட்டீஷியன். ஆனால் இது அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொன்ன அளவு, அவராகக் கூட்டக்கூடாது, இன்னொரு நோயாளிக்கும் சொல்லக்கூடாது என்றார்.

ஆம்பூர் பஸ்ஸில் முக்தியார் ஜன்னலோரம் உட்கார்ந்தார். முதலில் கோபம்தான் வந்தது. சட்னி அரைக்கும் காலையெல்லாம் அளந்து, மற்றதைக் குறைத்து, தன்னிடம் திட்டும் வாங்காமல் இவள் இதைச் செய்துவந்திருக்கிறாள் என்று நினைத்ததும், பள்ளிகொண்டா வருவதற்குள் அவள் பக்கம் திரும்பினார்.

"நான் பயந்துட்டேன் நசீமா. நீ பயப்படலை. அல்லாஹ் உன்னை நல்லா வெக்கணும்."

"நானும்தாங்க பயந்தேன். அதனாலதான் போய்க் கேட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "வேர்க்கடலைய சாப்டுக்கிட்டே ஊர் பூரா பயான் பண்ணிருக்கேன். நீ எப்படி சிரிக்காம இருந்தே?"

"யாரு சிரிக்கலை? மிக்ஸி சத்தத்துல உங்களுக்குக் கேக்கலை."