சொல்லின் வேரும் குளத்தின் நீரும்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. கதை முடிவதற்குள் அது வற்றிவிடும், ஆகையால் சீக்கிரம் சொல்கிறேன்.

அந்தக் குளத்தில் கூத்தாயி என்ற ஆமை ஆறு குஞ்சுகளோடு வாழ்ந்தது. தண்ணீர் முழங்காலளவுக்கு வந்ததும், காய்ந்துபோன ஆற்றுக்கு அக்கரையில் இருந்த காட்டுக்குக் குடிபோக அனுமதி கேட்டு எல்லை அலுவலகத்துக்குப் போனது. அங்கே அதிகாரி ஓர் ஆந்தை. பகலில் கண் தெரியாது என்பதால் பகல் வேலை கொடுத்திருந்தார்கள்.

படிவத்தில் 'செய்யப்போகும் செயல்' என்ற இடத்தில் ஆமை 'புலம்பெயர்தல்' என்று எழுதியிருந்தது.

"இந்தச் சொல்லோட வேர் என்ன? வேர் தெரியாத சொல்லுக்கெல்லாம் முத்திரை குத்த முடியாதும்மா" என்றது ஆந்தை.

"புலம்னா நிலம் சார். பெயர்றதுன்னா இடத்தை விட்டுக் கிளம்புறது. எங்க நிலம் காயுது, நாங்க கிளம்புறோம்."

"நீயே சொன்னா ஆச்சா? அதுக்குக் குழு போடணும்."

கரடியும் குரங்கும் குழுவாக அமர்ந்தன. புலம் என்றால் வயல் என்றது கரடி. திசை என்றது குரங்கு. இரண்டும் சரிதான், அதனால் சண்டை ஓயவே இல்லை. முதல் கூட்டம் முடிந்தபோது குளத்தில் கணுக்காலளவு தண்ணீர். இரண்டாம் கூட்டம் முடிந்தபோது சேறு. கடைசிக் குஞ்சு கண் திறக்கவில்லை.

மூன்றாம் கூட்டத்தில் கரடி சொன்னது: "வேர் அக்கரையில இருக்கலாம். நேர்ல போய்ப் பார்த்துடுவோம்."

சுற்றுப்பயண ஆணை அரை மணியில் தயாரானது.

"அய்யா, ஆராய்ச்சிக்கு மாதிரி வேணாமா? நாங்க ஏழு பேரு இருக்கோம்" என்றது கூத்தாயி.

"அட, ஆமாம்ல!" என்று கரடி அவற்றைக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டது.

அக்கரைக் குளத்தில் விழுந்ததும் கடைசிக் குஞ்சு கண் திறந்தது. கூத்தாயி அழுதேவிட்டது. குழு அங்கிருந்த மாமரங்களைப் பார்த்துவிட்டு, ஆராய்ச்சிக்கு இன்னும் பன்னிரண்டு ஆண்டு வேண்டும் என்று எழுதிப் போட்டது.

மூன்று மாதம் கழித்து, அலகில் கோப்போடு ஆந்தை வந்து இறங்கியது. இறகெல்லாம் ஒரே புழுதி.

"நீங்களும் புலம்பெயர்ந்துட்டீங்களா சார்?"

"சேச்சே! நான் மேற்பார்வைக்கு வந்திருக்கேன்" என்ற ஆந்தை, குரலைத் தாழ்த்திக் கேட்டது: "இங்க காலியா மரப்பொந்து ஏதும் இருக்காம்மா?"

நீதி: ஊரை விட்டு ஓடுகிறவன் அகதி, அவன் ஏன் ஓடுகிறான் என்று ஆராய ஓடுகிறவன் அறிஞன். ஆகவே ஓடும்போது கையில் ஒரு கோப்பு வைத்துக்கொள்.