எழுத்தைப் பார்க்கிறவர்

எழுத்தைப் படிக்கிறவர்கள் உண்டு. எழுத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது: எழுத்தைப் பார்க்கிறவர்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தை நீட்டினால், “அடடா, கொம்புக்கு என்ன ஒரு வளைவு!” என்று உருகுவார்கள். ‘பள்ளம், ஜாக்கிரதை’ என்ற பலகையை ரசித்தபடியே பள்ளத்தில் இறங்குவார்கள்.

நான் சொல்லும் ஆசாமி எழுத்துரு வரைகிறவர். ஒரு ஃபேஷன் பத்திரிகைக்காக நளினமான செரிஃப் எழுத்துக் குடும்பம் ஒன்றை, அதாவது கோடு தடித்தும் மெலிந்தும் ஓடி முனையில் குட்டிப் பாதம் ஊன்றி நிற்கும் எழுத்துகளை, மெலிசு, தடிமன், சாய்வு என்று வகைவகையாய்ச் செய்து தர ஒப்புக்கொண்டிருந்தார். எட்டு மாதமாய் ‘ழ’வின் வாலோடு மல்லுக்கட்டு. வீட்டில் குழாய் ஒழுகுகிறதா? ஒழுகட்டும். சொட்டின் வடிவம் பிரமாதம். அதைத்தான் ஆய்த எழுத்துக்கு வைத்திருக்கிறார்.

அவர் மனைவி அதே பத்திரிகைக்கு முதன்முதலாக ஒரு கட்டுரை எழுதினார். ஊருக்கெல்லாம் உடுத்தச் சொல்லித்தரும் பத்திரிகைக்கு உழைத்துக்கொண்டு, ஒன்பது வருடமாய் ஒரே பழுப்புச் சட்டையில் குடியிருக்கும் கணவரைப் பற்றி. அனுப்பும் முன் அவரிடமே நீட்டினார்.

“உங்களைப் பத்தித்தான். படிச்சுப் பாருங்க. மனசு கஷ்டமா இருந்தா சொல்லுங்க, கிழிச்சுப் போட்டுடறேன்.”

மாதிரி அச்சுக்கு வாசகம் கிடைக்காமல் தவித்தவருக்கு இது போதாதா? கட்டுரையைத் தன் எழுத்தில் கோத்து, ஆறு தடிமனில் அச்செடுத்து, சுவர் முழுக்க ஒட்டினார். பூதக்கண்ணாடியோடு நாலு நாள் மேய்ந்தார். அந்த நாலு நாளும் மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வரப்போவது கோபமா, சிரிப்பா?

“படிச்சீங்களா?”

“அற்புதம்! ஒரு இடத்துலயும் கண்ணு தடுக்கல.”

“நிஜமாவா? அந்தச் சட்டை விஷயம்கூடவா?”

“எல்லாமேதான். அப்படியே அனுப்பு.”

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பெரிய மனசு!

அவர் வரைந்த எழுத்திலேயே அச்சாகி இதழ் வந்தது. பார்க்க வந்த கொழுந்தியாளுக்கு நம் ஆசாமி அந்தப் பக்கத்தைப் பெருமையோடு விரித்துக் காட்டினார். அவள் படித்தாள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அத்தான், உங்க மானத்தை அக்கா கப்பலேத்திட்டாளே! ரெண்டாவது பத்தியைப் பாருங்க!”

பூதக்கண்ணாடியை எடுத்தார். குனிந்தார். முகம் வாடியது.

“ஆமாம்,” என்றார் துயரத்தோடு. “ரெண்டாவது பத்தியில வரி கொஞ்சம் நெருங்கிப்போச்சு.”

மனைவி அடுத்த கட்டுரைக்குக் காகிதம் எடுக்க உள்ளே போனார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் உங்கள் வீட்டில் யாரோ எழுதி நீட்டிய தாளை வாங்கி, “அடேயப்பா, ஒரு அடித்தல் திருத்தம் இல்லையே!” என்று பாராட்டித் திருப்பிக் கொடுத்தீர்களே, அதில் என்ன எழுதியிருந்தது?